இரு கரையில் ஒரு கோப்பு



மட்டக்களப்பு நகரிலிருந்து தெற்கே கல்முனையை நோக்கிச் செல்லும் பெருந்தெருவிலே, குருக்கள்மடத்தைக் கடந்தால் செட்டிபாளையம் என்னும் ஊர் வரும். கிழக்கே கடல், மேற்கே வாவி. வாவிக்கு இப்பால், கதிரவன் எழும் பக்கத்து நிலத்தை எழுவான்கரை என்றும், அப்பால், கதிரவன் படும் பக்கத்து நிலத்தைப் படுவான்கரை என்றும் நம் முன்னோர் பெயரிட்டு வழங்கினர். ஒரு கரையில் உள்ள பொருளை மறுகரைக்குக் கொண்டுசெல்ல நெடுங்காலம் தோணியும், 'பாதை' எனப்படும் மிதவையுமே துணையாயிருந்தன. 2014ஆம் ஆண்டிலே மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரையில் அத்துறையிலும் இதுவே வழக்கம்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளும் இரு கரைகளைப் பற்றியதே. ஒரு கரை செட்டிபாளையத்து வீடொன்றின் விறாந்தையிலுள்ள மடிக்கணினி. மறுகரை சிங்கப்பூரிலே மாத வாடகைக்கு எடுத்த பெரிய கணினி. கனடா நாட்டு ரொறன்ரோ நகரிலே மூன்றாவது கரையொன்றும் உண்டு. இம்மூன்றிலும் ஒரே கோப்பு ஒரே நிலையில் இருத்தல் வேண்டும். கச்சேரியிலே நாம் கோவை என்பதைக் கணினித் துறையார் கோப்பு என்பர். நானும் இன்று அவ்வாறே வழங்குகிறேன்.

மேற்சொன்ன வீட்டிலே பல்கலைக்கழக மாணவி ஒருத்தி இருக்கிறாள். ரொறன்ரோவில் அவளுடைய சிறிய தாயாரின் மகன் இருக்கிறான். அவன் அவளிலும் மூத்தவன். அவள் அவனை அண்ணன் என்றே அழைப்பாள். இருவரும் சேர்ந்து ஒரு நிரல் எழுதத் தொடங்கினார்கள். மட்டக்களப்புப் பகுதியின் கண்ணகை அம்மன் கோவில்களிலே வைகாசித் திங்களில் பாடப்பெறும் கண்ணகி வழக்குரையை நேயர்கள் அறிவீர்கள். வித்துவான் வி. சீ. கந்தையா அவர்கள் அதனை 1968ஆம் ஆண்டில் அச்சேற்றினார்கள். எனினும், பாடுவோர் வீடுகளிலே கையெழுத்துக் கொப்பிகளாக அது இன்னும் வழங்குகின்றது. கொப்பிக்குக் கொப்பி பாடம் வேறுபடும். அவ்வேறுபாடுகளில் எது எழுதினவன் கைப்பிழை, எது உண்மையான பாடபேதம் என்று பிரித்துக் காட்டும் நிரலே அவ்விருவரும் எழுத முற்பட்டது.

ஆயிரக்கணக்கான அடிகளை ஒன்றோடொன்று ஒப்பிட அவளுடைய பழைய மடிக்கணினிக்கு வலுவில்லை. ஆகவே நிரலை இங்கே எழுதுவது, சிங்கப்பூரிலே ஓடவிடுவது என்று ஏற்பாடாயிற்று. எழுதும் இடம் ஒன்று, இயங்கும் இடம் வேறொன்று. இதனைத் தொலைவிட நிரலாக்கம் என்கிறார்கள். இதற்கு வேண்டிய இணைப்பை அமைத்துக் கொடுத்தவன் நான். அதிலே நேர்ந்த பிழையும் என்னுடையதே.

நான் செய்த ஏற்பாடு எளியது. எந்தக் கணினியிலே ஒரு கோப்பு மாறினாலும், இணையத் தொடர்பு கிடைத்தவுடன் ஒத்திசைக்கும் நிரலொன்று அம்மாற்றத்தை மற்றவற்றுக்குக் கொண்டுபோகும். இரு கணினிகளில் ஒரே கோப்பு வெவ்வேறாக இருந்தால், பிந்திய நேரத்தைக் காட்டுவதே செல்லும், முந்தியது அழிக்கப்படும். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது.

அது 2022ஆம் ஆண்டு. மார்ச்சு மாத இறுதியிலே நாடு முழுவதும் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் தடைப்பட்டதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்நாட்களில் அம்மாணவி படுவான்கரையிலே, கொக்கட்டிச்சோலைப் பக்கத்து உறவினர் வீட்டில் ஒன்பது நாள் தங்கினாள். அங்கே வழக்குரை பாடும் முதியவர் ஒருவர் இருந்தார். தம் கொப்பியை அவளிடம் கொடுத்ததோடு, எவ்வெவ்விடத்தில் லகரமும் ளகரமும் மயங்கியுள்ளன, எங்கே தம் தகப்பனார் காலத்தில் வேறு விதமாகப் பாடினார்கள் என்பவற்றையெல்லாம் பக்கத்தில் அமர்ந்து சொல்லிக் கொடுத்தார். அவள் அவற்றை நிரலுக்குரிய விதிகளாக எழுதிக்கொண்டே வந்தாள். இணையத் தொடர்பு அங்கே இல்லாத குறை. எழுதியதெல்லாம் மடிக்கணினியிலேயே கிடந்தது.

ஊர் திரும்பித் தொடர்பு கிடைத்த அரை நிமிடத்திலே அந்த ஒன்பது நாள் உழைப்பும் மறைந்துபோயிற்று. மடிக்கணினியின் கடிகாரத்தைக் காக்கும் சிறு மின்கலம் செத்திருந்தது. மின்சாரம் அற்றுப்போகுந் தோறும் அக்கணினி பல்லாண்டுகளுக்கு முந்தைய ஒரு திகதிக்குத் தாவிவிடும். அவள் அதைக் கண்டும் பொருட்படுத்தவில்லை. கோப்புகளோ அப்பழைய திகதியையே சுமந்திருந்தன. அதே கோப்புகளில் அண்ணன் ரொறன்ரோவிலிருந்து சில வரிகளைத் திருத்தியிருந்தான். ஒத்திசைக்கும் நிரல் இரண்டையும் நோக்கிற்று. பிந்திய திகதி அவனுடையது. நான் இட்ட கட்டளைப்படி அவளுடையதை அழித்துவிட்டது. 'அழிக்கட்டுமா' என்று அது கேட்கவுமில்லை. 'அழித்தேன்' என்று சொல்லவுமில்லை.

அவள் மீண்டும் படுவான்கரைக்குச் சென்றாள். முதியவரும் முகம் சுளிக்காமல் இன்னொரு முறை சொன்னார். ஆயினும், முதன்முறை நினைவிலிருந்து தாமாக வந்தவை அனைத்தும் இரண்டாம் முறை வரவில்லை.

வெவ்வேறு நாடுகளிலுள்ள தமிழர் ஒரே பணியைக் கோப்புகள் வழியாகச் செய்வது புதிதன்று. சுவிற்சர்லாந்தின் லோசான் நகரிலிருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் அவர்களை முதல்வராகக் கொண்டு 1998ஆம் ஆண்டுத் தைப்பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தை எண்ணிப் பாருங்கள். ஒரு நாட்டிலே ஒருவர் பழைய நூலொன்றைத் தட்டெழுதுவார். மற்றொரு நாட்டிலே இன்னொருவர் பிழை திருத்துவார். மின்னஞ்சலிலே கோப்புகள் போய்வரும். இறுதிப் படி இதுவென்று கொள்ள ஓரிடம் இருந்தது. பொறி நுட்பத்தில் என் ஏற்பாடு அதனிலும் பன்மடங்கு புதியது. ஆனால் எது மூலப்படி என்ற கேள்வியை அவர்கள் கேட்டிருந்தார்கள். நான் கேட்கத் தவறிவிட்டேன்.

இரண்டாம் முறை நாங்கள் தாளும் பேனையும் எடுத்துக்கொண்டு அமர்ந்தோம். கணினியைத் தொடவில்லை. அவள் முதலில் கேட்டது, "சேர், சிங்கப்பூர்க் கணினியிலே யாராவது இருந்து எழுதுகிறார்களா?" என்பது. இல்லை. அங்கே ஒருவரும் எழுதுவதில்லை. நிரல் ஓடுகிறது, அவ்வளவே. அப்படியானால் அங்கிருந்து இங்கே நிரற்கோப்புத் திரும்பி வரவேண்டிய காரணமே இல்லை. இவ்வளவு தெளிவான ஒன்றை நான் காணாதிருந்தேன். மனிதனுக்கும் இயந்திரத்துக்கும் இடையே கோப்பு ஒரு திசையில் மட்டும் போனாற் போதும். மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையேதான் இரு திசைப் போக்கு வேண்டும். இவ்விரண்டையும் ஒரே கயிற்றாற் கட்டியதே பிழை.

முதலில் இயந்திரத்தின் பக்கத்தைச் சொல்லுகிறேன். தொலைவிலுள்ள கோப்பைப் படியெடுக்காமல், அது இங்கேயே இருப்பது போலக் காட்டும் முறை ஒன்று உண்டு. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தார் 1984ஆம் ஆண்டளவில் அதனை அமைத்தார்கள். ஒரே படி இருப்பதால் முரண்பாட்டுக்கு இடமில்லை. ஒரு கட்டடத்துக்குள்ளே அது மிக நன்று. கடல் கடந்தால் வேறு கதை. கண்ணாடி இழையிலே ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீற்றர் ஓடும். இங்கிருந்து ரொறன்ரோ ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர், போய்வர 28,000. நேர்கோட்டில் இழை இருந்தாலுமே, ஒரு கேள்விக்கு விடை வர நொடியில் ஏழிலொரு பங்கு ஆகும். இழை வளைந்து செல்வதால் உண்மையில் அதன் இருமடங்கென்று கொள்ளலாம். ஆயிரம் சிறு கோப்புகளை ஒவ்வொன்றாய்த் திறந்து பார்ப்பதற்கு ஏறத்தாழ ஐந்து நிமிடம் வீணாகும். மின்சாரம் போனாலோ, கோப்பே கண்ணுக்குப் புலனாகாது. செட்டிபாளையத்துக்கு இம்முறை உதவாது.

ஆகவே படியெடுத்தே ஆகவேண்டும். இதற்கு நாங்கள் மேற்கொண்டது ஆர்சிங்க் என்னும் கருவி. அவுஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்திலே அன்ட்ரூ திரிஜெல், போல் மக்கெராஸ் என்னும் இருவர் 1996ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டனர். மெலிந்த தொலைபேசிக் கம்பி வழியே பெரிய கோப்பை அனுப்புவது எவ்வாறு என்பதே அவர்கள் முன்னிருந்த வினா.

அவர்கள் கண்ட உபாயத்தை ஏட்டுச் சுவடியைக் கொண்டு விளக்கலாம். எழுவான்கரையிலே திருத்திய சுவடி ஒன்று. படுவான்கரையிலே அதன் பழைய படி ஒன்று. பழையதைப் புதியதோடு ஒக்கச் செய்யவேண்டும். சுவடி முழுவதையும் தோணியேற்றலாம், அது பெருஞ்சுமை. அதற்கு மாறாக, படுவான்கரையார் தம் ஏடு ஒவ்வொன்றிலும் உள்ள எழுத்துகளைக் கணக்கிட்டு, ஏட்டுக்கு இரண்டு குறியெண் வீதம் ஒரு சீட்டிலே எழுதி அனுப்புகிறார்கள். ஒன்று விரைவாய்க் கணிக்கத்தக்கது. மற்றது சற்றுப் பாடுபட்டுக் கணிப்பது, ஆயினும் ஐயத்துக்கு இடந்தராதது. எழுவான்கரையார் தம் சுவடியிலே அவ்வெண்களுக்குப் பொருந்தும் பகுதிகளைத் தேடி, பொருந்தாதவற்றை மட்டும் தோணியிலே அனுப்புகிறார்கள்.

இதிலே ஒரு சிக்கல் உண்டு. முதல் ஏட்டிலே ஓரடியைப் புதிதாய் நுழைத்தால், அதன் பின்னுள்ள அடிகளெல்லாம் இடம் பெயர்ந்துவிடும். ஒவ்வோர் ஏட்டின் தொடக்கமும் மாறும். ஒன்றுமே பொருந்தாததுபோலத் தோன்றும். திரிஜெல் ஏட்டின் விளிம்பை நம்பவில்லை. ஓரேட்டளவு சாளரமொன்றைச் சுவடியின் மேல் ஒவ்வோரெழுத்தாக நகர்த்திக்கொண்டே போகச் செய்தார். சாளரம் ஓரெழுத்து நகர்ந்தால், விட்டுப்போன எழுத்தைக் கழித்து, வந்துசேர்ந்த எழுத்தைக் கூட்டினால் விரைவுக் குறியெண் கிடைத்துவிடும்; முழுவதையும் மறுபடி கணிக்க வேண்டுவதில்லை. அது பொருந்தினால் மாத்திரமே பாடுபட்ட எண்ணைக் கணித்து உறுதி செய்வார்கள். கருவியின் நயமெல்லாம் இந்த ஒரு கூட்டல் கழித்தலில் அடங்கியிருக்கிறது. பெரிய கோப்பிலே ஓரடி திருத்தினால், கடல் கடப்பது அதன் சிறு பங்கே.

மின்தடைக்கும் இக்கருவி ஈடுகொடுக்கும். வந்துகொண்டிருக்கும் கோப்பை வேறொரு தற்காலிகப் பெயரிலே சேர்த்து, முழுவதும் வந்தபின்பே பழையதன் இடத்தில் வைக்கும். பாதியில் அறுந்தால் பழையது பழையபடியே இருக்கும். ஆனால் இதற்கும் வாய் திறந்து கேட்கும் பழக்கம் இல்லை. மூலத்தில் இல்லாததை மறுகரையிலும் அழி என்னும் கட்டளையைச் சேர்த்துவிட்டுத் திசையை மாற்றிச் சொன்னால், நல்லதெல்லாம் போய்விடும். எனவே ஒவ்வொரு புதிய ஏற்பாட்டையும் முதலில் ஒத்திகை பார்க்கும்படி அவளைப் பழக்கினேன். என்னென்ன போகும், என்னென்ன அழியும் என்று பட்டியலை மட்டும் காட்டிவிட்டு ஒன்றையும் தொடாதிருக்கும் வழி அக்கருவியிலேயே உண்டு. கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பும், நிரல் ஓடும்போது தானாய் உண்டாகும் கழிவுக் கோப்புகளும் போகவேண்டா என்று விலக்குப் பட்டியலும் எழுதினோம். இரு கணினிகளுக்குமிடையே பேச்சைப் பிறர் ஒட்டுக்கேளாமல் மறைத்துச் செல்வது எஸ்எஸ்எச் என்னும் வழி. தாத்து இலோனென் என்பவர் 1995இல் அமைத்தது. அதற்குரிய இரு திறவுகோல்களில் பூட்டு போன்றதைச் சிங்கப்பூருக்கு அனுப்பி, சாவி போன்றதை மடிக்கணினியிலேயே வைத்தோம்.

இனி மனிதர் பக்கம். ஆம்ஸ்ரர்டாம் நகரிலே டிக் குரூன் என்னும் பேராசிரியர் 1980களின் நடுப்பகுதியில் தம் மாணவர் இருவருடன் ஒரு நிரலை எழுதிவந்தார். மூவரும் வேலை செய்யும் நேரங்கள் ஒவ்வா. ஒருவர் திறந்த கோப்பை மற்றவர் தொடக்கூடாது என்று பூட்டிவைத்தால் வேலை நகராது. ஆகவே அவரவர் தத்தம் படியிலே எழுதுவது, பிறகு சேர்ப்பது என்று ஒரு முறையை வகுத்தார். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005ஆம் ஆண்டு ஏப்ரலிலே எழுதிய கிட் என்னும் கருவியிலே அந்த எண்ணம் நன்கு முதிர்ந்தது. ஒவ்வொருவரிடமும் இன்றுள்ள படி மட்டுமன்றி, தொடக்கம் முதலான எல்லாப் படிகளின் வரலாறும் இருக்கும். ஒவ்வொரு நிலைக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்தே கணித்த அடையாள எண் உண்டு. கோப்பின் திகதியைப் பார்த்து எது செல்லும் என்று கிட் முடிவுசெய்வதில்லை. செத்துப்போன மின்கலம் அதனை ஏமாற்றாது.

சேர்க்கும் விதமே நமக்கு உவப்பானது. சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் சுவடிகளை ஒப்புநோக்கிய காலத்தில் அவர்கள் கையில் மூலச்சுவடி இல்லை. பிற்காலப் படிகளே இருந்தன. இரண்டு படிகள் வேறுபட்டால் எவர் மாற்றினார் என்பதை ஊகிக்கத்தான் வேண்டும். கிட்டுக்கு அந்த வறுமை இல்லை. இருவரும் பிரிந்து எழுதத் தொடங்கிய பொதுமூலம் வரலாற்றிலே பத்திரமாய் இருக்கிறது. அதனை நடுவில் வைத்து இரண்டையும் ஒப்பிடும். ஓரிடத்தைத் தங்கை மட்டும் மாற்றியிருந்தால் அவள் மாற்றத்தைக் கொள்ளும். அண்ணன் மட்டும் மாற்றியிருந்தால் அவனுடையதை. இருவரும் ஒரே அடியை வெவ்வேறாய் மாற்றியிருந்தால் அங்கே நின்றுவிடும். இரண்டு பாடத்தையும் மேலும் கீழுமாய் எழுதிக்காட்டி, முடிவு உங்களுடையது என்று விட்டுவிடும். என் பழைய ஏற்பாடு அந்த இடத்திலேதான் வாய் மூடி அழித்தது.

நேரத்தைப் பற்றி ஒரு சொல். நம் நாட்டிலே 1996ஆம் ஆண்டு மே மாதம் கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளினார்கள். அவ்வாண்டு அக்டோபரில் அரை மணி பின்னிழுத்தார்கள். 2006 ஏப்ரலிலே பழைய நேரத்துக்கே மீண்டார்கள். உள்ளூர் நேரத்தைக் கோப்பின் மேல் எழுதும் கணினிகளிலே பத்தாண்டுத் திகதிகள் அரை மணியும் ஒரு மணியுமாய்ப் பிறழ்ந்து கிடக்கக்கூடும். திகதியைச் சாட்சியாகக் கொள்ளலாம். நீதிபதியாக்கக் கூடாது என்று அப்பொழுது அவளிடம் சொன்னேன். மின்கலத்தையும் மாற்றினோம்.

எல்லாம் அமைந்தபின் எதிர்பாராத இடையூறு ஒன்று தமிழெழுத்தாலேயே வந்தது. முதியவரின் கொப்பியைத் தட்டெழுதிய கோப்புக்குக் 'கொக்கட்டிச்சோலை' என்று பெயரிட்டிருந்தாள். ரொறன்ரோவிலிருந்து அது திரும்பி வந்தபோது அதே பெயருடன் இரண்டு கோப்புகள் தோன்றின. கண்ணுக்கு ஓரெழுத்தும் வேறுபாடில்லை. காரணம் பிறகு விளங்கிற்று. ஒருங்குறியிலே 'கொ' என்பதை இரண்டு விதமாய் எழுதலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்க்கலாம். அல்லது முன்னே கொம்பு, பின்னே கால் என்று இரு குறிகளாய்ச் சேர்க்கலாம். ஏட்டெழுதியவன் இரண்டாவதையே செய்தான். நாமும் கையால் அவ்வாறே எழுதுகிறோம். 'சோ' என்பதும் அப்படியே. அவளுடைய விசைப்பலகை முதல் வகையைத் தந்தது. அண்ணனுடைய பழைய ஆப்பிள் கணினியோ கோப்பின் பெயர்களை உடைத்து இரண்டாம் வகையிலே வைக்கும் வழக்கமுடையது. இரண்டும் ஒன்றே எனக் கொள்ளவேண்டும் என்பது ஒருங்குறியின் விதி. ஆயினும் பெயர்களை எண்களாகவே ஒப்பிடும் கருவிக்கு அவை இரண்டு பெயர். கிட்டிலே இதற்கென ஓர் அமைப்பு உண்டு, அதனை இயக்கினோம். கோப்பின் உள்ளே இருந்த பாட்டடிகளையும் ஒரே வகைக்கு மாற்றியபின்புதான், நிரல் காட்டிய 'பாடபேதங்களில்' பல உண்மையில் பேதமே அல்ல என்பது தெரிந்தது!

ஒத்திசைப்பது வேறு, காப்புப்படி வைப்பது வேறு என்பதையும் சொல்லவேண்டும். ஒரு கரையில் தவறி அழித்ததை மறுகரையிலும் அழித்துத் தருவதே ஒத்திசைவின் கடமை. 1978ஆம் ஆண்டு நவம்பர்ச் சூறாவளியையும் 2004ஆம் ஆண்டு மார்கழிக் கடற்கோளையும் கண்ட கரை இது. வாரம் ஒருமுறை முழு வரலாற்றையும் தனியே ஒரு தட்டில் எடுத்து, கடலுக்கு எட்ட, படுவான்கரை வீட்டில் வைக்கிறார்கள். அந்தத் தட்டை எந்தக் கணினியோடும் நிரந்தரமாய் இணைப்பதில்லை.

தொலைந்த ஒன்பது நாளில் ஒரு சிறு பகுதி பின்பு கிடைத்தது. நான்காம் நாள் மாலை, 'அண்ணா, பாருங்கோ' என்று தன் கணினித் திரையைக் கைத்தொலைபேசியிலே படம் பிடித்து வைத்திருந்தாள். தொடர்பின்மையால் அப்பொழுது அனுப்ப முடியவில்லை. ஒரு மாதங் கழித்து, வேறெதையோ தேடும்போது அப்படம் அகப்பட்டது. பெருக்கிப் பார்த்ததில் பதினான்கு வரிகளை வாசிக்க முடிந்தது. அவற்றுள் மூன்று, முதியவர் இரண்டாம் முறை சொல்லாது விட்டவை. அவள் அவற்றைத் தனியாகப் பதிந்து, பதிவேட்டிலே அம்மாற்றத்தின் காரணத்தைக் குறிக்கும் இடத்தில், 'படத்திலிருந்து எடுத்தது. பெரியவரிடம் கேட்டு உறுதி செய்யவேண்டும்' என்று எழுதியிருக்கிறாள்.